முகக்கவசம் முகத்துக்குப் பொருந்தினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூத்தோர் வீட்டுக்குள் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது பற்றியும், இரவில் நன்றாக உறங்க வேண்டியதன் தேவை பற்றியும் உங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் கட்டுரைகளை நான் விடாமல் படித்து வருகிறேன். அவை தனித்தனி நாள்களில், தனித்தனிப் பக்கங்களில் வருகின்றன. என் வீட்டிலோ இரண்டும் ஒரே இரவில், ஒரே கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையில் நடப்பவை. அதைப் பற்றியும், உறக்கத்தில் மூச்சு தடைபடுவோர் இரவில் அணியும் முகக்கவசம் என் போன்றோரின் கைகளுக்குப் பொருந்துகிறதா என்பது பற்றியும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் 66 வயதான ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதம் எனக்கு இருக்கிறது. கைவிரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. கைகளைத் தோளுக்கு மேலே தூக்குவது கடினம். வீட்டுக்குள் வாக்கரும் வெளியே சக்கர நாற்காலியும் துணை. இதற்கெல்லாம் பழகிவிட்டேன் என்று எண்ணியிருந்த வேளையில், 2021ஆம் ஆண்டு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்பு நடந்த பரிசோதனையில், ஸ்லீப் ஆப்னியா, அதாவது உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயும் எனக்கு இருக்கக்கூடும் என்று சந்தேகித்தார்கள்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் கேட்கப்படும் எட்டுக் கேள்விகளில் அது தொடங்கியது. உரத்த குறட்டை உண்டா, பகலில் களைப்பு உண்டா, உறக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்ததுண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று தாதி வரிசையாகக் கேட்டார். பிறகு எடை, வயது. கழுத்தைச் சுற்றி நாடாவை வைத்து 40 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்றும் அளந்தார். கடைசிக் கேள்வி நோயாளி ஆணா என்பது. "இதில் மட்டும் உங்களுக்கு மதிப்பெண் இல்லை, டீச்சர்" என்று சிரித்தார். குறட்டைக் கேள்விக்கு நான் இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருக்கிறது, பல வருடமாக இருக்கிறது, நடுவில் சத்தமே நின்றுபோகும், அப்போது எனக்குப் பயமாக இருக்கும்" என்றார். அத்தனை வருடமும் அவர் என்னிடம் அதைச் சொன்னதில்லை. சொன்னால் நான் வருந்துவேன் என்று நினைத்தாராம். நம் குடும்பங்களில் ஆண் குறட்டை விட்டால் கேலிப் பேச்சு. பெண் விட்டால் பேச்சே இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும், பெண்களிடம் இது பல வேளைகளில் குறட்டையாக அல்லாமல் காலைத் தலைவலியாகவும் தீராத அசதியாகவும் உடைந்து உடைந்து வரும் உறக்கமாகவும் வெளிப்படும் என்பதையும் நான் அதன் பிறகே தெரிந்துகொண்டேன்.

அந்த அசதியை நான் முடக்குவாதத்தின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். அதில் தவறும் இல்லை, முடக்குவாதமே ஆளை அசத்திவிடும் நோய்தான். ஒரு நோயின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு நோய் ஒளிந்துகொள்வது இப்படித்தான். முடக்குவாதம் தாடை மூட்டை அரித்துவிட்டால் கீழ்த்தாடை பின்னுக்குப் போய் தொண்டை குறுகிவிடக்கூடும் என்றும், வாதத்துக்காக ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட ஸ்டீராய்டு மருந்து எடையைக் கூட்டி அதே தொண்டையை இன்னும் நெருக்கியிருக்கலாம் என்றும் மருத்துவர் பின்னர் விளக்கினார். இரண்டு நோய்களும் வெவ்வேறு மாடிகளில் உள்ள வெவ்வேறு மருத்துவர்களிடம் காட்டப்பட்டாலும், உடம்புக்குள் அவை பக்கத்து வீட்டுக்காரர்கள்.

உறக்கப் பரிசோதனையில், மணிக்குச் சராசரியாக 41 முறை என் மூச்சு நின்றோ குறைந்தோ போனதாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி. 30ஐத் தாண்டினாலே கடுமையான நிலை என்பார்கள். தொண்டைத் தசைகள் உறக்கத்தில் தளர்ந்து காற்றுப் பாதை மூடிக்கொள்ள, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை திடுக்கிட்டு நம்மை எழுப்பிவிட, மூச்சு திரும்ப, மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு என்று இரவு முழுவதும் இது நடக்கிறது. எழுந்ததே நமக்கு நினைவிருக்காது. 2016இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில், ஆராயப்பட்ட பெரியவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மிதமான அல்லது கடுமையான அளவில் இந்த மூச்சுத்தடை இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதற்கு முன் அது கண்டறியப்படவே இல்லை. ஆகவே இது என் ஒருத்தியின் கதை அன்று.

நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு இந்நோயால் வரும் பெரிய இடர், பலரும் எதிர்பாராத ஓர் இடத்தில் இருக்கிறது. அது கழிவறை. அப்போது நான் இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவேன். வயதாகிவிட்டது என்று நானும், சர்க்கரையாக இருக்குமோ என்று பிள்ளைகளும் நினைத்தோம். உண்மையான காரணத்தை உறக்கப் பிரிவில்தான் சொன்னார்கள். மூடிய தொண்டைக்கு எதிராக மார்பு மூச்சை இழுக்கப் போராடும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் குறைந்து, இதயத்தின் மேலறை விரிவடைகிறது. உடலில் நீர் அதிகமாகிவிட்டது என்று தவறாகக் கணக்குப்போடும் இதயம், நீரை வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்கு ஒரு சுரப்பின் மூலம் சொல்லி அனுப்புகிறது. கால் நன்றாக உள்ளவருக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். எனக்கோ ஒவ்வொரு முறையும் கட்டிலிலிருந்து கால்களை இறக்கி, வாக்கரை இழுத்து, அரைத் தூக்கத்தில் பதினோரு அடி நடந்து, எங்கள் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கழிவறை வாசலின் படியைத் தாண்டும் ஒரு பயணம். விழுந்தது ஒரே ஒரு முறை. இடுப்பு தப்பியது, கடிகாரம் உடைந்தது.

இந்தப் படிக்குத் தீர்வு எளிதில் கிடைத்தது. வீவக 2012இல் தொடங்கிய 'ஈஸ்' திட்டத்தின்கீழ் கழிவறையில் பிடிமானக் கம்பிகளும், வாசலில் சரிவுப் பலகையும், வழுக்காத தரையும் அமைத்துத் தந்தார்கள். செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. கம்பி பொருத்த வந்தவரை நான் இன்னும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அவர் சுவரைப் பார்க்கும் முன் என்னைப் பார்த்தார். "ஆன்ட்டி, உட்காருங்கள், இப்போது எழுந்திருப்பதுபோல் கையை நீட்டுங்கள்" என்றார். என் கை எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகுதான் துளையிடும் கருவியை எடுத்தார்.

அந்தப் பென்சில் கோட்டை நான் இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. மூச்சுத்தடைக்காக எனக்குக் கொடுக்கப்பட்ட சிகிச்சையில் அப்படி ஒரு கோட்டை எவரும் போடவில்லை.

சிபேப் என்னும் யந்திரத்தைப் பற்றி வாசகர்கள் பலர் அறிந்திருப்பார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் சிட்னியில் உருவாக்கி 1981இல் வெளியுலகுக்கு அறிவித்த முறை அது. தொடக்கத்தில் தூசியுறிஞ்சியின் மோட்டாரைத் திருப்பி வைத்து அதை இயக்கினார்கள் என்று படித்திருக்கிறேன். குழாய் வழியே வரும் காற்றின் அழுத்தம், உள்ளேயிருந்து முட்டுக்கொடுப்பதுபோல் தொண்டையைத் திறந்து வைத்திருக்கிறது. யந்திரத்துக்கும் முகக்கவசத்துக்குமாக ஈராயிரம் வெள்ளிக்கு மேல் என் சேமிப்பிலிருந்து கொடுத்து வாங்கினேன். அதைப் பொருத்தியவர் பொறுமையானவர்தான். என் மூக்கின் அகலத்தை அளந்தார், பட்டைகளைத் தலைக்குப் பின்னால் இறுக்கினார், காற்று கசிகிறதா என்று கன்னத்தருகே கைவைத்துப் பார்த்தார். கண்ணாடியில் பார்க்கக் கச்சிதமாக இருந்தது. இருபது நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதை நானே மாட்டவோ கழற்றவோ ஒருமுறைகூட என்னிடம் சொல்லவில்லை.

முதல் இரவு கணவர் மாட்டிவிட்டார். பின்னிரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்கு எழுந்தேன். பக்கவாட்டுக் கொக்கியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து நெருக்கித் திருப்ப வேண்டும்; என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சந்தித்துக்கொண்டு பல வருடங்கள் ஆகின்றன. இருட்டில் பட்டையை அப்படியே தலைக்கு மேலே இழுத்துக் கழற்ற முயன்றேன். தோள் விடவில்லை. அவசரத்தில் குழாய் வாக்கரில் சிக்கிக்கொண்டது. ஒருவழியாகப் போய்வந்து படுத்தபின் அதைத் திரும்ப மாட்ட என்னால் முடியவில்லை. அயர்ந்து தூங்கும் மனிதரை எழுப்ப மனமில்லாமல் தலையணைக்கு அருகில் வைத்துவிட்டேன். ஆறு வாரங்கள் பெரும்பாலான இரவுகள் இப்படித்தான் கழிந்தன. மீதி இரவுகளில் அவர் எழுந்து மாட்டிவிடுவார். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்திருக்கும் 74 வயது மனிதரை இரவில் மூன்று நான்கு முறை எழுப்பித்தான் என் இதயத்தைக் காப்பாற்ற வேண்டுமா என்ற கேள்வி அப்போது எனக்குள் எழுந்தது.

மறுபரிசோதனைக்குப் போனபோது கணினித் திரையில் என் ஆறு வாரங்களும் பட்டைக் கோடுகளாக நின்றன. யந்திரம் தானாகவே எல்லாவற்றையும் பதிவுசெய்து அனுப்பிவிடுகிறது. இரவுக்குக் குறைந்தது 4 மணி நேரமாவது, பத்தில் ஏழு இரவுகளாவது அணிந்திருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். என் சராசரி 2 மணி 50 நிமிடம். மருத்துவமனையின் பெயரை இங்கு எழுத விரும்பவில்லை, அன்று என் பதிவைப் பார்த்த இளைஞரிடமும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் என் கோப்பில் தட்டச்சு செய்த சொல்லை, திரை என் பக்கம் சற்றே திரும்பியிருந்ததால், நான் படித்துவிட்டேன். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்பது அதன் பொருள். முப்பது ஆண்டுகள் மாணவர் அறிக்கைகளில் நானும் அப்படிச் சொற்களை எழுதியவள்தான். எழுதப்பட்டவரின் இடத்தில் அமர்ந்து அதைப் படித்தது அன்றுதான். திரையில் இருந்தது மணிக்கணக்கு மட்டுமே. அந்த மணி எந்தக் கொக்கியில் அறுந்தது என்பது எந்தத் திரையிலும் வராது.

அவர் தந்த மற்ற அறிவுரைகளும் நடமாட முடிந்தவருக்கு எழுதப்பட்டவை. ஒருக்களித்துப் படுங்கள் என்றார். மல்லாந்து படுத்தால் அடைப்பு கூடும் என்பது உண்மையே, ஆனால் தோளும் இடுப்பும் வலிக்கும் எனக்குப் பக்கவாட்டில் படுப்பது பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. எடையைக் குறைக்க நாள்தோறும் நடக்கச் சொன்னார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல! கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் வாய்க்கருவி பற்றிக் கேட்டேன். தாடை மூட்டு தேய்ந்தவர்களுக்கு அது ஒத்துவராது என்று பல் மருத்துவர் மறுத்துவிட்டார். ஆக, பிறருக்கு நான்கு வழிகள் திறந்திருக்கும் இடத்தில் என் போன்றோருக்கு யந்திரம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதனால்தான் அந்த யந்திரம் எங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது கூடுதல் சலுகை ஆகாது, அதுவே சிகிச்சையின் பாதி என்கிறேன்.

தானாகக் கழற்ற முடியாதவர் முகக்கவசம் அணிவதில் ஆபத்தும் உண்டு. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் வகைக் கவசத்தை, வாந்தி வந்தால் தாமே கழற்ற இயலாத நோயாளிகள் அணியக் கூடாது என்ற எச்சரிக்கை பல பயன்பாட்டுக் குறிப்பேடுகளில் இருக்கிறது. பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்தவர்கள், நடுக்குவாதம் உள்ளவர்கள் என நம் பேட்டைகளில் எத்தனையோ மூத்தோர் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறார்களா?

எங்களுக்குக் கிடைத்த தீர்வு வீட்டிலேயே பிறந்தது. கழிவறைக்குப் போகும்போது முகக்கவசத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை. மூக்கின் அருகே குழாய் சேரும் இணைப்பை மட்டும் இழுத்து விடுவித்தால் போதும், கவசம் முகத்திலேயே இருக்கும், திரும்பி வந்ததும் குழாயைச் செருகிவிடலாம் என்பதை என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். பலருக்கு இது முன்பே தெரிந்திருக்கும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்தது கொக்கி. பாவாடை நாடாவில் ஒரு சாண் வெட்டி, வளையமாக்கி, கொக்கி மாட்டும் பட்டையின் நுனியில் தைத்தேன். சரியாகச் சொன்னால், நான் சொல்லச் சொல்ல அவர் தைத்தார். இப்போது அந்த வளையத்துக்குள் ஏதாவது ஒரு விரலை நுழைத்து இழுத்தால் கொக்கி விட்டுவிடுகிறது. விரல்கள் சந்திக்க வேண்டியதில்லை. குழாயைக் கட்டிலின் தலைமாட்டில் உயரமாக ஓர் ஆணியில் தொங்கவிட்டதில் வாக்கரில் சிக்குவதும் நின்றது.

காந்தக் கொக்கி வைத்த கவசங்கள் இருக்கின்றனவே, அவை இன்னும் எளிதல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். மிக எளிது, வாதக் கைகளுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். நானும் அதை வாங்கும் நிலையில்தான் இருந்தேன். பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் உள்ளவர்களுக்கு அந்தக் காந்தம் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும், அந்த எச்சரிக்கை அணிபவருக்கு மட்டுமின்றி அருகில் படுப்பவருக்கும் பொருந்தும் என்றும் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்ததும், வாங்காமல் திரும்ப வைத்துவிட்டேன். என் வீட்டில் யார் உறங்குகிறார், அவர் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று கடையில் எவரும் கேட்கவில்லை.

சிறிய செய்திதான், ஆனாலும் நம் பெண்களுக்காக எழுதுகிறேன். என் மூக்குத்தியின் மேல் முகக்கவசத்தின் மெத்தை சரியாக உட்காராமல் காற்று சீறிக்கொண்டே இருந்தது. பத்து வயதில் குத்திய மூக்குத்தியை முதன்முறையாக இரவில் கழற்றி வைக்கப் பழகினேன். அதன் திருகைத் திருகுவதும் என் கைக்கு ஒரு வேலைதான் என்பதால், பிறகு அழுத்திப் போடும் வகைக்கு மாறிவிட்டேன். தலையில் எண்ணெய் வைத்தால் பட்டை வழுக்கும், முகத்தில் களிம்பு பூசினால் மெத்தை நழுவும், உச்சியில் கொண்டை போட்டால் பட்டைக்கு இடம் இல்லை. குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு உறங்கினால், யந்திரத்தின் ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் நீர்த்துளியாகி, நள்ளிரவில் மூக்கில் சொட்டும். விசிறியே போதுமென்று இருப்பவர்களுக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் தொல்லை குறைவு.

இந்த மாற்றங்களுக்குப் பிறகு என் சராசரி 6 மணி நேரத்தைத் தாண்டியது. நான்கு முறை எழுந்த இடத்தில் இப்போது ஒரு முறை எழுகிறேன். சில இரவுகளில் அதுவும் இல்லை. முடக்குவாதம் அப்படியேதான் இருக்கிறது, காலையில் விரல்கள் விறைத்தபடியேதான் விடிகிறது. ஆனால் தலைவலி இல்லை. உங்கள் நாளிதழை முதல் பக்கத்திலேயே கண்ணயராமல் படித்து முடிக்க முடிகிறது.

நான் கேட்பது பெரிய மானியமோ புதிய திட்டமோ அன்று. சிபேப் யந்திரம் கொடுக்கும் நாளிலேயே, நோயாளி அமர்ந்த நிலையிலும் படுத்த நிலையிலும், விளக்கை அணைத்துவிட்டு, தானே அதை மாட்டிக் கழற்றிக் காட்டட்டும். முடியவில்லையென்றால் வேறு கவசத்தைத் தேடட்டும். ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட் என்று அழைக்கப்படும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கித் தரும் வல்லுநர்கள் நம் மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கிறார்கள். எனக்குச் சட்டை பொத்தான் போடவும் கரண்டி பிடிக்கவும் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்களே. உறக்கப் பிரிவிலிருந்து அவர்களிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் போனால் போதுமானது. பயன்பாட்டு நேரம் குறைந்தால், ஒத்துழைக்கவில்லை என்று எழுதும் முன், இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், எழுந்தபின் யார் மாட்டிவிடுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். இந்த விளக்கங்கள் தமிழிலும் கிடைத்தால், ஆங்கிலத்தில் தலையாட்டிவிட்டு வீட்டில் வந்து விழிக்கும் என் வயதுத் தாய்மார்களுக்கு உதவியாக இருக்கும். அந்தத் துண்டுப்பிரசுரத்தை எழுதித் தரச் சொன்னால் ஊதியம் எதுவும் வாங்காமல் எழுதித் தர ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி காத்திருக்கிறாள்.

அடுத்த மாதம் எனக்கு ஆண்டுப் பரிசோதனை இருக்கிறது. பட்டை நைந்துவிட்டதால் புதிய கவசம் தருவார்கள். நாடா தைத்த பழையதையும் பையில் எடுத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஈசூன்